வாசிக்காமல் விட்ட பக்கம்

ஹபீபா பீவிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதே ஹாஜராவுக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

அதுவும் எப்படித் தெரிந்தது! பினாங்கில் டத்தோ கிராமாட் சாலை வீட்டின் நடுக்கூடத்தில் அந்த வரிசை வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜரா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரப் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷமாக நடக்கிற வழக்கம். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் கடைக்குத் திரும்பியதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். அவர்களில் ஹாஜரா ஒருத்திக்குத்தான் எழுத்துத் தெரியும்.

தேநீர்த் தட்டோடு பின்னால் வந்து நின்ற ஹபீபா, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"மதினி, நடுவுல ஒரு பத்தி விட்டுட்டீங்களே?"

"அதுல ஒண்ணும் இல்ல புள்ள."

ஹபீபா தட்டைக் கீழே வைத்தாள். தாளில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பெண் பிள்ளைகளைப் பதினான்கு வயது வரையாவது பள்ளிக்கு அனுப்புங்கள் என்று யாரோ எழுதியிருந்த நாலு வரி. அதை வாசித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அடுத்த வீட்டு நோர்மா கடைசியில் சிரித்துவிட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமா எங்களுக்குப் பாதிதான் வாசிச்சீங்களா ஹாஜராக்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஹாஜரா பத்திரிகையை மடித்து மடியில் வைத்தாள்.

ஹபீபா வேறு யாருமில்லை. ஹாஜராவின் ஒரே தம்பி கமாலுதீனின் மனைவி. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று மேடானுக்கு வியாபாரத்துக்குக் கப்பலேறியவன், ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. அன்று நாலு வயதாயிருந்த மகள் சுலைஹாவுக்கு இப்போது பதின்மூன்று. தாயும் மகளும் ஹாஜரா வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற மகளிடம், இரண்டு வருஷமாக, யாருக்கும் சொல்லாமல் ஹபீபா எழுத்துப் பழகியிருக்கிறாள்.

மறுநாளே அவள் அலமாரியிலிருந்த பழைய பத்திரிகைகளைக் கேட்டாள். மறுக்க ஹாஜராவுக்குக் காரணம் அகப்படவில்லை. மூன்று நாள் பின்கட்டில் தாயும் மகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹபீபா ஓர் இதழோடு வந்து நின்றாள். 1928-ஆம் வருஷத்து இதழ். 'கணவன் விட்டுப்போன முஸ்லிம் பெண்கள் அறிய வேண்டியது' என்று தலைப்பு.

நிக்காஹ் நடந்த அன்று மாப்பிள்ளை தன் வாயாலேயே தஃலீக் என்ற வாக்குறுதியைச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறான். மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்காமல் அவளை ஆறு மாதம் விட்டுப்போனால், அவள் மார்க்க நீதிபதியான காதியாரிடம் முறையிடலாம். மெய்யென்று தெரிந்தால் விடுதலை உண்டு. இதுதான் அந்தக் கட்டுரை. அதன் தலையிலும் காலிலும் பென்சிலால் அடைப்புக்குறி போட்டிருந்தது.

"இது உங்க கைதானே மதினி?"

"ஆமா."

ஏன் என்று அவள் கேட்பாள் என ஹாஜரா காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

"வியாழக்கிழமை காதியார்கிட்ட போறேன். வீட்டு ஆள் ஒருத்தர் வந்து சொல்லணுமாம். நீங்க வாங்க."

இன்றைக்கு அந்த வியாழக்கிழமை.

*

காலைப் பசியாறலுக்கு உட்கார்ந்த ஷேக் அலாவுதீன், ரொட்டியைப் பிய்த்தபடி மனைவியைப் பார்த்தார். கடற்கரைத் தெருவில் கயிறும் பாய்மரத் துணியும் விற்கிற கடை அவருடையது. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். இந்தப் பதினான்கு வருஷமும் வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் பத்திரிகை வாங்கி வந்து மனைவி கையில் கொடுப்பவர் அவர்தான். என் பெண்டாட்டி படித்தவள் என்று கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு மகிழ்ச்சி.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் தடுக்கல," என்றார். "ஆனா ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு ஹாஜரா. மச்சான் போகும்போது நம்மகிட்ட பொறுப்பு கொடுத்துட்டுப் போனாரு, அவர் சார்பா நாங்க சோறு போட்டோம்னு சொல்லு. அதோட காதியார் மனுவைத் தள்ளிட்டு எழுந்துடுவாரு."

"அவன் அப்படிப் பொறுப்பு ஒண்ணும் கொடுக்கலையே."

"கொடுத்திருந்தா வேணாம்னா சொல்லியிருப்போம்? சோறு போட்டது நெசந்தானே?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் தம்பி பேரு காதியார் புத்தகத்துல ஏறணுமா? நாளைக்கு சுலைஹாவுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது என்னா சொல்லுவோம்? சூசா லா இதெல்லாம், பெரிய கஷ்டம். நாலையும் யோசி."

ஹாஜரா தலையாட்டினாள். சரி என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா, அவளுக்கே தெரியாது. அவர் கை கழுவிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அவள் அலமாரியைத் திறந்தாள். ஹபீபா திருப்பி அடுக்கிவைத்த இதழ்கள் இருந்தன. நேற்று முழுவதும் அவற்றைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும்.

வாசிக்கும்போது தடுமாறாமல் தாண்டிப் போக வேண்டும் என்று வியாழக்கிழமைகளிலேயே பார்த்துக் குறித்துவைப்பாள். அந்தப் பெண்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். விதவை மறுமணம் செய்வது நபிவழியான சுன்னத்துதான் என்று ஒருவர் எழுதியிருந்ததைக் குறித்திருந்தாள். பக்கத்து வரிசையில் இரண்டு விதவைகள் இருந்தார்கள், மனம் அலையும் என்று நினைப்பு. எங்கோ ஒரு நாட்டில் பெண்களும் ஓட்டுப் போட்ட செய்தி, நமக்கு எதற்கு? பிரசவம் பார்க்கப் பெண்களைப் பழக்குகிறார்கள் என்ற அறிவிப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற ரொஸ்னா கேட்டால் போகிறேன் என்று நிற்பாள், அவள் புருஷன் நம் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுவான். ஒவ்வொன்றுக்கும் அன்று ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நல்ல காரணமாகத்தான் தோன்றியது.

நேற்று அவற்றை வரிசையாக வாசித்தபோதுதான் உடம்பு கூசியது.

அவளுக்குப் பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு முந்திய வருஷம், வாப்பாவோடு சண்டை போட்டு அவள் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். 'பினாங்கிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி' என்று அச்சில் வந்தது. பெண்ணுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதை வைத்து இன்னதைத்தான் வாசிக்க வேண்டும் என்று ஆண்கள் வேலி கட்டுவது என்ன நியாயம்? இப்படித்தான் அது தொடங்கும். ஊரில் பேசினார்கள். வாப்பா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அவள் பயப்படவில்லை, பெண்ணுரிமை என்ற வார்த்தையை அவள் வரிசையில் முதலில் சொன்னவள் அவள்தான்.

அதன் பிறகு நிக்காஹ், பிள்ளைகள், அவர்களின் நிக்காஹ். அந்தக் கடிதத்தை அவள் மறந்தே போனாள். மறந்தது போகட்டும். எந்த வேலி என்ன நியாயம் என்று கேட்டாளோ அந்த வேலியைத் தன் கைப் பென்சிலால் தானே கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த ஆணும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இன்னொன்றும் நேற்று உறைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் நீட்டி உட்கார்ந்து வாசிக்க அவளுக்கு நேரம் கிடைத்தது எப்படி? அந்த நேரத்தில் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது யார்?

"மதினி, ரிக்‌ஷா வந்துடுச்சு," என்றாள் ஹபீபா வாசலிலிருந்து.

*

ரிக்‌ஷாவின் முன்திரையை இழுத்துவிட்டதும் உள்ளே இருவருக்கும் தோளோடு தோள் இடித்தது. ஒன்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் இத்தனை நெருக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. ஹாஜரா தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்த்தாள். இடம் இல்லை.

பினாங்கு ரோட்டில் டிராம் மணியடித்துக்கொண்டு போனது. சீன ரிக்‌ஷாக்காரன் யாரையோ மலாயில் திட்டினான்.

"ஹபீபா…"

"ம்."

"மன்னிச்சுக்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

"கேக்காதீங்க," என்றாள் ஹபீபா. பிறகு அவளே பேசினாள். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ரொஸ்னா அக்கா வந்து அவங்க தம்பிக்காகக் கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா? பொண்டாட்டி மவுத்தாகி ரெண்டு பிள்ளையோட இருந்தவரு. 'ஹபீபா விடுபட்டு வந்தா'ன்னு கேட்டாங்க. 'அவளுக்குப் புருஷன் இருக்கான், வாயைக் கழுவு'ன்னு அனுப்பிச்சீங்க."

ஹாஜரா திரும்பிப் பார்த்தாள். "உனக்கு எப்படி…"

"நான் அடுப்படில இருந்தேன். எனக்குக் காது கேக்கும் மதினி."

"நீ அப்ப ஒண்ணுமே சொல்லலையே."

"என்ன சொல்றது? வழி இருக்குன்னே எனக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தின வருஷமே வாசிச்சுட்டீங்க." அவள் திரையின் இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரைக் கட்டிக்க நான் ஆசைப்பட்டேன்னு நெனக்காதீங்க. அவரை நான் பாத்ததுகூட இல்ல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஹாஜரா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் இடுப்பில், சேலை மடிப்புக்குள், ஒரு கடிதம் இருந்தது. அலமாரியின் அடியிலிருந்து காலையில் எடுத்துச் சொருகியது. எதற்கு எடுத்தோம் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

*

காதியாரின் வீட்டு முன்னறையில் மேசை, நாலு நாற்காலி, சுவரோரம் பதிவுப் புத்தகங்கள். கணக்கெழுதும் கிராணி யூசுப் பேனாவை மையில் தொட்டு எழுதத் தயாராக இருந்தார். காதியார் வயதானவர், வாப்பா வழியில் தமிழ், உம்மா வழியில் மலாய். இரண்டும் கலந்த நிதானமான பேச்சு.

ஹபீபா தானே எல்லாம் சொன்னாள். நிக்காஹ் நடந்த வருஷம், கப்பலேறிய மாதம், முதல் வருஷத்தில் இரண்டு தடவை செலவுக்கு வந்தது, பிறகு வராதது. கடைசிக் கடிதம் வந்து ஏழு வருஷம். நடுவில் குரல் உடையும் என்று ஹாஜரா பயந்தாள். உடையவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

யூசுப் புத்தகத்தைப் புரட்டி நிக்காஹ் பதிவைக் கண்டுபிடித்தார். தஃலீக் இருந்தது. கீழே கமாலுதீனின் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல். அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்தவள் ஹாஜரா. உம்மா இறந்தபோது தம்பிக்கு மூன்று வயது, அவளுக்குப் பதின்மூன்று. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை.

காதியார் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவனுக்கு அக்கா?"

"ஆமாங்க."

"ஒம்பது வருஷமா இந்தப் பொண்ணும் பிள்ளையும் உங்க வீட்டுல இருக்காங்க. சரி. ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. அவன் உங்க புருஷன்கிட்ட பொறுப்பு கொடுத்துட்டுப் போனானா? அவன் சார்பா நீங்க சோறு துணி கொடுத்தீங்களா? அப்படின்னா செலவுக்குக் கொடுக்கலன்னு இந்தப் பொண்ணு சொல்ல முடியாது. இந்த மனு நிக்காது லா."

அலாவுதீன் சொன்ன ஒரே வார்த்தை. அது நாக்கு நுனியில் இருந்தது. பொய் என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். சோறு போட்டது உண்மைதானே?

ஹபீபா அவளைப் பார்க்கவில்லை. மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மசாலா அரைத்து அரைத்து அவள் விரல் நுனிகள் மஞ்சளாகவே நின்றுவிட்டிருந்தன.

"இல்லீங்க," என்றாள் ஹாஜரா.

"எது இல்ல?"

"அவன் யார்கிட்டயும் பொறுப்பு கொடுக்கல. நாங்களும் அவன் பேரால ஒண்ணும் செய்யல." ஹபீபா பக்கம் கையைக் காட்டினாள். "இவளுக்கு நாங்க சோறு போட்டோம்னு சொல்றதே தப்பு. எங்க எல்லாருக்கும் இவதான் சோறு போட்டா. சுபுஹுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு மூட்டுவா. என் ரெண்டு மக பிள்ளைப்பேறும் இவ கைலதான். சமையலுக்கு ஒரு ஆள் வெச்சிருந்தா சம்பளம் கொடுத்திருப்போம். இவளுக்கு அதுவும் கொடுக்கல. எங்க தயவுல இருக்கான்னு மத்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டோம். நானே சொல்லியிருக்கேன்."

யூசுபின் பேனா நின்றுவிட்டது. காதியார் எழுது என்று கையைக் காட்டினார்.

அதோடு முடிந்திருக்கலாம். காதியார் ஹபீபாவின் பக்கம் திரும்பிவிட்டார். அவன் உயிரோடு இருக்கிறானா, விலாசம் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று ஹபீபா தலையசைத்தாள். ஏழு வருஷமாக ஒரு சேதியும் இல்லை என்று மறுபடி சொன்னாள். ஹாஜராவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எனக்கு வந்துச்சு," என்றாள் ஹாஜரா.

இருவரும் திரும்பினார்கள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி. என் பேருக்கு." இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கடிதம் மேசையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யூசுப் குனிந்து எடுத்தார். "மேடான்ல நல்லா இருக்கான். அங்க ஒரு பொண்ணை நிக்காஹ் பண்ணியிருக்கான். ஒரு பெண் குழந்தை. ஹபீபாகிட்ட மெதுவா சொல்லுங்கன்னு எழுதியிருந்தான். நான் சொல்லல."

யூசுப் கடிதத்தைக் காதியார் முன் வைத்தார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் காதியார்.

"தம்பி பேரு கெட்டுடும்னு… இவ மனசு ஒடஞ்சுடும்னு…" தன் காதுக்கே அந்தச் சொற்கள் கேட்கச் சகிக்கவில்லை. "அதெல்லாம் இல்லீங்க. சொன்னா இவ போயிடுவா. போயிட்டா என் வீடு நடக்காது."

இதை அவள் இதுவரை தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்ன பிறகுதான் உண்மை அதுவென்று தெரிந்தது. முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்ளக் கை போனது. இழுத்துக்கொள்ளவில்லை, அப்படியே மடியில் வைத்தாள்.

காதியார் கடிதத்தின் மேலுறையை மட்டும் பார்த்து, விலாசத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஹபீபாவிடம் மெதுவாகப் பேசினார். மேடானுக்குத் தாக்கீது அனுப்புவேன், நாற்பது நாள் தவணை. அதற்குள் விஷயம் தெரிந்த ஆண்கள் இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"அவர் பதில் போடலன்னா?" என்று கேட்டாள் ஹபீபா.

"போடலன்னாலும் நடக்கும்மா. சாட்சிதான் முக்கியம். வீட்டு ஆம்பளை சொன்னா ரொம்ப நல்லது. இவங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

ஹபீபா எழுந்து ஸலாம் சொன்னாள். கடிதத்தை யூசுப் ஹாஜராவிடமே திருப்பிக் கொடுத்தார்.

*

வாசலில் ரிக்‌ஷா காத்திருந்தது.

"நீங்க ஏறிக்குங்க. நான் நடந்து வர்றேன்," என்றாள் ஹபீபா.

"இந்த வெயில்லயா? தனியா தெருவுல…"

ஹபீபா அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, சூலியா தெருவின் நிழல் பக்கமாக, கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க நடந்தாள். ஹாஜரா ரிக்‌ஷாக்காரனை அனுப்பிவிட்டுப் பின்னால் போனாள். பத்தடி இடைவெளி. அவள் வேகமாக நடந்தால் ஹபீபாவும் வேகமாக நடந்தாள்.

நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக ஹாஜரா பினாங்கு ரோட்டைக் காலால் நடந்து கடந்தாள். செருப்பு கடித்தது. டிராமிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கடற்கரைத் தெரு ஆளாக இருக்கலாம், அலாவுதீன் வீட்டுப் பெண்கள் தெருவில் நடந்து போகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் கடைக்குச் சேதி போய்விடும். போகட்டும் என்று தோன்றியது. முன்னால் போகிறவளின் முதுகைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த முதுகு ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் ஹபீபா நின்றாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. கண் காய்ந்து கிடந்தது.

"நாலு வருஷம்," என்றாள். "நாலு வருஷமும் நான் ஒவ்வொரு தொழுகைக்கும் அவர் உசுரோட இருக்கணும்னு துஆ கேட்டேன். நீங்க என் பக்கத்துத் தொழுகைப் பாய்ல நின்னு ஆமீன் சொன்னீங்க."

ஹபீபா தலைத்துணியைத் தளர்த்திக்கொண்டாள்.

"அங்க காதியார்கிட்ட உண்மையைச் சொன்னீங்க. என் காதால கேட்டேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சுலைஹாகிட்ட நான் சொல்ல மாட்டேன். வாப்பா கப்பல்ல வர்றாருன்னு சின்னதுல அவளுக்குக் கதை சொன்னது நீங்க. நீங்களே சொல்லுங்க. அதை உங்களுக்காக நான் செய்ய மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் அரிசி களையும் சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி மணி இரண்டாகியிருந்தது. ஹாஜரா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கூடத்து நடுவில் நின்றாள். இன்றைக்காவது நான் செய்கிறேன் என்று சொல்லக்கூடத் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

*

சுலைஹா இரண்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தாள். புத்தகப் பையை இறக்கிவைக்கும் முன்னே கேட்டாள்.

"என்னாச்சு மாமி? காதியார் என்னா சொன்னாரு?"

"உக்காரு."

சுலைஹா உட்கார்ந்தாள். ஹாஜரா எதிரில் உட்கார்ந்து, நேராக, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொல்ல முயன்றாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. எந்த வாக்கியத்தின் நடுவிலும் தாண்டிப் போக ஓர் இடம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டாமல் சொன்னாள். வாப்பா உயிரோடு இருப்பது. மேடானில் இன்னொரு கல்யாணம். தனக்குக் கடிதம் வந்தது. நாலு வருஷம் மறைத்தது. காதியாரிடம் தான் கடைசியில் சொன்ன காரணம்.

பிள்ளை அழுவாள் என்று நினைத்தாள். சுலைஹா சீருடையின் ஓரத்தை முழங்காலில் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எனக்குத் தங்கச்சி இருக்கா?"

"ஆமா."

"எத்தனை வயசு?"

"இப்ப அஞ்சு இருக்கும்."

"பேரு என்னா?"

காதியாரிடம் கடிதத்தைக் கொடுத்தபோதும், ஹபீபாவின் பின்னால் வெயிலில் நடந்தபோதும் இதை மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் ஹாஜரா இருந்தாள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடாமல் நாலு வருஷம் பத்திரமாக வைத்திருந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். தனியாக இருக்கும்போது எடுத்து எடுத்து அந்த வரியை மட்டும் வாசித்திருக்கிறாள்; வாசித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். பின்கட்டில் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

"ஹாஜரா," என்றாள். "என்னை நெனச்சு என் பேரை வெச்சிருக்கான்."

சுலைஹா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உம்மாவுக்கு இது தெரியுமா?"

"இல்ல. இதை இன்னும் சொல்லல."

"சொல்லாதீங்க மாமி. பாவம், ரொம்ப வலிக்கும். இது மட்டும் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

பிள்ளையின் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் ஹாஜராவை உலுக்கியது. தானும் இப்படித்தான் தொடங்கியிருப்போம். பாவம், வலிக்கும், இது மட்டும். சுலைஹாவின் கன்னத்தைத் தொடக் கையைக் கொண்டுபோனவள், தொடாமல் எழுந்தாள்.

"இருக்கக் கூடாதும்மா."

வெளியே கதவுச் சங்கிலி சத்தம் கேட்டது. அலாவுதீன் வழக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டிருந்தார். "ஹாஜரா! கடைல என்னென்னமோ சொல்றாங்களே! ரெண்டு பேரும் தெருவுல நடந்தா வந்தீங்க? காதியார்கிட்ட என்னா சொன்னே?" கையில் அந்த வாரத்துப் பத்திரிகை சுருட்டியபடி இருந்தது.

"வந்து சொல்றேங்க. உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும், நீங்க சாட்சிக்கு வரணும். ஆனா முதல்ல ஹபீபாகிட்ட," என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து, நிற்காமல், அவள் பின்கட்டுக்குள் நுழைந்தாள்.

ஹபீபா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹபீபா, இன்னும் ஒண்ணு இருக்கு. நான் சொல்லாம வெச்சிருந்தது."

ஹபீபா பானையை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பலகையை இழுத்துப் போட்டு, மதினி உட்காரட்டும் என்று நகர்த்தாமல், அதில் தானே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

ஹாஜரா நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினாள்.